இஸ்ரவேல் நேரம்

"ஃபியூஸ் போகல," என்று டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து சுயம்புலிங்கத்தின் குரல் வந்தது. "ரிலேயும் டக்குனு அடிக்கு. அக்கா, புளோயர் சுவிட்ச நாலுல வையுங்க."

ரெத்தினபாய் வைத்தாள். ஒன்றும் வரவில்லை. மூன்றில் வைத்தாள், இரண்டில் வைத்தாள், ஒன்றில் வைத்தாள், பிறகு அவன் சொல்லாமலே மறுபடியும் நாலுக்குக் கொண்டுபோனாள். வேனின் இடது கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மெக்கானிக்கின் கால்களில் லுங்கி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் தலை இருந்த இடத்தில் புழுக்கம்.

"டாஷ்போர்டுல ஒரு குத்து விடுலே," என்றார் இஸ்ரவேல். தன்னுடைய முன் சீட்டை அவனுக்குக் கொடுத்துவிட்டு, பின் சீட்டில் வீங்கிய கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். "மெதுவாக் குத்துனா கேக்காது. பொண்டாட்டி மேல உள்ள கோவத்துல குத்தணும்."

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல அண்ணாச்சி."

"அப்ப ரெத்தினத்தக் குத்தச் சொல்லு. அவளுக்கு என் மேல இருக்கு."

ரெத்தினபாய் குத்தினாள். டாஷ்போர்டின் மேல் கிடந்த தூசி எழும்பி அடங்கியது.

"முன்னால குத்துனா ஓடிச்சுல்லா, அப்ப மோட்டாருக்குள்ள கார்பன் பிரஷ் தேஞ்சிருந்துது," என்றான் சுயம்புலிங்கம், தலையை வெளியே இழுத்தபடி. "இப்பக் குத்துனாலும் ஓடலன்னா பிரஷே இல்லன்னு அர்த்தம். மோட்டாருக்குக் கரண்டு வருது, டெஸ்ட் லைட்டு எரியுது பாருங்க. எர்த்தும் நல்லா இருக்கு. ரெசிஸ்டர் கருகிக் கெடக்கு, அது வேற சீக்கு. கம்ப்ரசர் ஓடுது, பைப்பு ஐஸ் மாதிரி இருக்கு. கூலிங் இருக்கு அக்கா. காத்துதான் இல்ல."

இதை அவன் சொன்ன ஊர் மூலைக்கரை. மேற்கு மலை இரண்டாகப் பிரிந்து வழிவிடுகிற கணவாய்க்கு நேர் கீழே, வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி பாதி வரை ஒரு பொழுதும் ஓயாத காற்றுக்குள், ஓட்டுக் கூரைகளின் மேல் கல்லைத் தூக்கி வைத்து, வாசல்களையெல்லாம் கிழக்கே திருப்பி, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் சொருகி, டீக் கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடி மூடிக் குடித்து, நடக்கும்போது மேற்கே சாய்ந்து நடந்து, பேசும்போது எதிரில் நிற்பவர் காதுக்குள் கத்திப் பேசி, அப்படியே வளர்ந்து அப்படியே வயதாகிப் போகிறவர்களின் ஊர். ஊரைச் சுற்றி வயல்களிலும் பொட்டலிலும் மின்சாரக் காற்றாடிகள் நின்றன. அவற்றில் பழசானவற்றைக் கழற்றி விற்றபோதெல்லாம் ஊர் அவற்றைத் துண்டு துண்டாக வாங்கிக்கொண்டது. ஒரு கோபுரத்தின் அடித்துண்டு பஞ்சாயத்தின் தண்ணீர்த் தொட்டியாக இருந்தது. ஒரு இறக்கை மாதேவன் டீக்கடையில் பெஞ்சாகக் கிடந்தது, அதன் அகலமான பக்கத்தில் பெரிய மனிதர்களும் கூர்மையான பக்கத்தில் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

இஸ்ரவேல் அந்த வேனை கல்யாணங்களுக்கும் வேளாங்கண்ணிக்கும் சபரிமலைக்கும் ஓட்டி, எல்லாச் சாமிகளிடமும் கூட்டம் சேர்த்துவிட்டுத் திரும்பியவர். பிறகு அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வேலையை விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் திருநெல்வேலிக்குப் போய் இரத்தத்தைக் கழுவிக்கொண்டு வரவேண்டும் என்று ஆகியது. ரெத்தினபாய் அந்த வயதில் லைசென்ஸ் எடுத்து அவரையே அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். கழுவுவதில் கஷ்டம் இல்லை. கஷ்டம் தண்ணீரில் இருந்தது. உள்ளே போகும் தண்ணீர் வெளியே வர வழியில்லாததால் நாளுக்கு இரண்டு டம்ளர்தான், அதற்கு மேல் குடித்தால் அது நெஞ்சுக்குள் போய் நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருமுறை குடித்து, ஒருமுறை நின்றது. மூக்கில் குழாயோடு படுத்திருந்த அவர் நெஞ்சுக்குள் ஹூக்கா இழுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டதை ரெத்தினபாய் இன்னும் சமையலறையில் எதுவும் கொதிக்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேனின் கண்ணாடியை இறக்கினால் கணவாய்க் காற்று அவர் நாக்கைக் கருவாடாக்கியது. கண்ணாடியை ஏற்றினால் வியர்த்து ஊற்றியது. இரண்டிலும் நாங்குநேரி தாண்டுவதற்குள் தண்ணீர் கேட்டார். ஏசி ஓடினால் மட்டும் கேட்கவில்லை. பழைய பாட்டுகளைத் தப்பாகப் பாடிக்கொண்டும் அவள் கியர் மாற்றுவதைக் குறை சொல்லிக்கொண்டும் வந்தார். ஆகவே அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு புளோயர் மோட்டார்.

"இந்த வண்டிக்கு மோட்டார் மதுரைல சொல்லித்தான் வரும், அதுவும் எப்ப வரும்னு சொல்ல முடியாது," என்றான் சுயம்புலிங்கம். "எங்கிட்ட ஒண்ணு கெடக்கு. காத்தாடித் தலைக்குள்ள இருந்து கழத்துனது. என்ன வேலைக்கு வச்சிருந்தானோ, பன்னெண்டு வோல்ட்டுதான். போட்டுப் பாப்பமா?"

"ஓடுமா?"

"சுத்தும்."

அதை அவன் கொண்டுவந்தான். அச்சு கொஞ்சம் தடிமனாக இருந்ததால் அரத்தால் ராவி, பழைய மோட்டாரின் விசிறிச் சக்கரத்தைத் தட்டி ஏற்றினான். கருகிய ரெசிஸ்டரைத் தள்ளிவிட்டு நேராக வயர் கொடுத்தான், இனி ஒரே வேகம்தான் என்றான். முதலில் சக்கரம் தலைகீழாகச் சுற்றியது. வயர் இரண்டையும் மாற்றிக் கொடுத்தான். மறுபடி டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, கால்களை வெளியே நீட்டிக்கொண்டு, "இப்பப் போடுங்க" என்றான்.

ரெத்தினபாய் போட்டாள். டாஷ்போர்டின் நான்கு ஏசித் துவாரங்கள் வழியாகவும் காற்று வந்தது. அதே சமயத்தில் சுயம்புலிங்கத்தின் லுங்கி அடித்துக்கொள்வது நின்று, அவன் கால்களோடு ஒட்டித் தொங்கியது.

"காத்து நின்னுட்டு," என்றான் அவன், கால்கள் சொன்னதைக் கேட்டவன்போல.

"இங்க வருதே," என்றார் இஸ்ரவேல்.

சுயம்புலிங்கம் எழுந்து வந்து வெளியே பார்த்தான். பொட்டலில் காற்றாடிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து, கையை விரித்தபடி நின்றுகொண்டிருந்தன. அவன் சுவிட்சை அணைத்தான். வெளியே காற்று வந்தது. போட்டான். உள்ளே வந்தது. புளோயரிலிருந்து பாடிக்குத் தனியாக இன்னொரு எர்த் வயர் இழுத்துப் பார்த்தான், பேட்டரி முனைகளைச் சுரண்டி வாஸலின் தடவி மாட்டிப் பார்த்தான், ரிலேயை மாற்றிப் பார்த்தான். ஒன்றும் மாறவில்லை.

"வண்டில கோளாறு இல்ல அக்கா," என்று கடைசியில் கையைத் துடைத்தான். "வெளியதான் ஏதோ."

"ஏசி ஓடும்லா?"

"ஓடும். ஆனா பிரஷ் பாதிதான் இருக்கு. இவருக்கு மட்டும் ஓட்டுங்க. சும்மா போட்டு ஓட்டாதீங்க."

அடுத்த நாள் காலையில் வேன் கிளம்பியபோது ஊர் அதற்குத் தயாராக இல்லை. ரோட்டில் மேற்கே சாய்ந்து நடந்துகொண்டிருந்தவர்கள், சாய்வதற்கு எதுவும் இல்லாமல் போனதால், இரண்டடி முன்னால் தடுமாறிப் போய் நின்றார்கள். சைக்கிளில் எதிர்க்காற்றுக்காக எழுந்து நின்று மிதித்துக்கொண்டு வந்த தபால்காரர் நினைத்ததற்கு முன்பே ஊருக்குள் வந்துவிட்டார். உளுந்து தூற்றிக்கொண்டிருந்த பெண்கள் சுளகை உயர்த்திப் பிடித்தபடி, உளுந்தும் தூசியும் ஒன்றாகவே தங்கள் காலில் விழுவதைப் பார்த்தார்கள். டீக்கடையில் மாதேவன், வாழைத் தோட்டக்காரர் தங்கையாவின் காதுக்குள், வழக்கமான குரலில், பாலில் சரிபாதித் தண்ணீர் என்று, கடைக்குப் பால் ஊற்றும் தன் மச்சானைப் பற்றி ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் குரல் இரண்டு தெரு தாண்டி மச்சான் வீட்டுத் தொழுவம் வரை போனது. சொல்லி முடித்த பிறகுதான் மாதேவனுக்குத் தன் குரல் கேட்டது. ஊரில் பலருக்கும் அன்றைக்குத்தான் தங்கள் குரல் கேட்டது. ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

பதினோரு மணிக்குக் காற்று திரும்ப வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ரெத்தினபாய் இஞ்சினை அணைத்த நேரம் அது என்பது சாயங்காலம் சுயம்புலிங்கம் சொல்லித்தான் தெரிந்தது. அவன் சொன்னதை ஊர் அப்படியே எடுத்துக்கொண்டது. பம்புசெட் மோட்டாருக்குத் தெய்வக்குற்றம் பார்க்கிறவர்கள்கூட இதற்குப் பார்க்கவில்லை, ஏனென்றால் காரணம் தெரிந்திருந்தது. புளோயர் போட்டால் நிற்கிறது, அணைத்தால் வருகிறது. இதைவிடக் குறைவாகத் தெரிந்துகொண்டு அவர்கள் டிவி பார்த்துவந்தார்கள்.

அந்த வேளைக்கு இஸ்ரவேல் நேரம் என்று பெயர் விழுந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியாது. ஒரு மாதத்துக்குள் இஸ்ரவேல் நேரத்தில் செய்யும் வேலை, இஸ்ரவேல் நேரத்தில் செய்யக்கூடாத வேலை என்று ஊரின் வேலைகள் இரண்டாகப் பிரிந்தன. ஓடு மாற்றுகிறவர்களும் கல்யாணப் பந்தல் போடுகிறவர்களும் அந்த வேளைக்குக் காத்திருந்தார்கள். பாதிரியார் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் ஜெபத்தை அந்த நாளுக்கு மாற்றினார், கோயிலில் ஆராதனைத் தட்டை வெளிப் பிரகாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். மேற்கே போகவேண்டிய சைக்கிள்கள் அப்போது போயின. உளுந்து தூற்றுகிறவர்கள் மற்ற நாட்களுக்கு மாறிக்கொண்டார்கள். எல்லோரும் அந்த வேளையில் மட்டும் மெதுவாகப் பேசப் பழகினார்கள், அல்லது பேசவேண்டியதை வைத்திருந்து காற்று வந்த பிறகு பேசினார்கள். மாதேவன் டீயில் பால் கொஞ்சம் கூடியது.

காற்றிலிருந்து ஊருக்குச் சேதி வந்தது. காற்று நின்றால் இஸ்ரவேல் ஏறிவிட்டார். நடுவில் ஐந்து நிமிடம் அடித்து மறுபடி நின்றால் ரயில்வே கேட் அடைத்திருக்கிறது, ரெத்தினபாய் டீசலை மிச்சம் பிடிக்கிறாள். வந்தது நிற்காமல் அடித்தால் போய்ச் சேர்ந்தாயிற்று. ஒரு நாள் சேரவேண்டிய நேரத்துக்கு வெகுமுன்பே காற்று வந்தது, நிற்கவில்லை. டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தங்கையா எழுந்து பைக்கை எடுத்தார். இன்னொரு பைக்கில் சுயம்புலிங்கம் போனான். வள்ளியூர் தாண்டிப் பஞ்சராகி நின்ற வேனின் பக்கத்தில் ரெத்தினபாய் ஜாக்கியைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள்.

"உமக்கு யாருவே சொன்னா?" என்று கேட்டார் இஸ்ரவேல்.

"தொப்பி பறந்துட்டு," என்றார் தங்கையா.

ஆனால் இஸ்ரவேல் நேரத்தில் ஊருக்கு வியர்த்தது. காற்றில் பிறந்தவர்களுக்கு வியர்வை பழக்கமில்லை. அது கண்ணுக்குள் இறங்கியபோது அழுவதாக நினைத்துக்கொண்டார்கள். வியர்த்தவர்கள் தண்ணீர் குடித்தார்கள். அந்த நாட்களில் பஞ்சாயத்துத் தொட்டி மத்தியானமே வற்றியது. மாதேவன் கடை வாசலில் இருந்த பானையை இரண்டுமுறை நிரப்பினான். அந்த நாட்களில் தொட்டிக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் தண்ணீர் விடவேண்டும் என்று பஞ்சாயத்தில் பேச்சு வந்தபோது தலைவி காரணம் கேட்டார்.

"அவரு குடிக்காத தண்ணிய நாம குடிக்கோம்லா," என்றார் தங்கையா. "எங்கயாவது போய்ச் சேரணும்ல."

தீர்மானம் நிறைவேறியது.

காற்றாடிக் கம்பெனியின் சைட் இன்ஜினியர் கோகுலகிருஷ்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். கோபிசெட்டிபாளையத்துக்காரர், சிறிய வயது, ரெத்தினபாய் கொடுத்த பனங்கருப்பட்டிக் காப்பியை இஸ்ரவேல் முன்னால் குடிக்கச் சங்கடப்பட்டார்.

"நீங்க போற நாளெல்லாம் எங்களுக்கு ஜீரோங்க அக்கா," என்றார். "இது காத்து சீசனுங்க. ஹெட் ஆபீஸ்ல கேக்கறாங்க. நான் என்னன்னுங்க எழுதறது?"

"பேஷண்டுன்னு எழுதும்," என்றார் இஸ்ரவேல்.

"வேற டைம் கேட்டுப் பாக்கலாங்களா? விடியக்காலம் காத்து கம்மிங்க. அப்பப் போயிட்டீங்கன்னா ரெண்டு பேருக்கும் சவுரியம்."

ரெத்தினபாய் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்தாள். அவர் படுக்கிற மெஷினில் விடியற்காலையில் வேறொருவர் இருந்தார். அதை இன்ஜினியரிடம் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, காற்றாடிகளுக்குக் கிரீஸ் வைக்கிற வேலையை அந்த நாட்களுக்கு மாற்றினார். ஏணியில் ஏறுகிறவர்களுக்கு அது பிடித்திருந்தது. அவர் ஆபீசுக்கு என்ன எழுதினார் என்பது ஊருக்குத் தெரியாது.

கேட்டு வருகிறவர்கள் ரெத்தினபாய்க்குத்தான் தொல்லையாக இருந்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு அரை மணி நேரம், வீட்டுக்கு வெள்ளையடிக்க ஒரு காலை, பையனைப் படம் எடுக்க முடி கலையாமல் ஐந்து நிமிடம். எல்லோரிடமும் அவள் ஒரே பதிலைச் சொன்னாள்.

"பிரஷ் பாதிதான் இருக்கு. எனக்குக் காத்தும் வேண்டாம், காத்து இல்லாமயும் வேண்டாம். இவரு தண்ணி கேக்காம போயிட்டு வரணும்."

கேட்டவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. வேண்டியதை அவர் போகிற நாளுக்கு ஒதுக்கி வைத்தார்கள்.

ஆடி முடிகிற வாரம் வந்த காற்று வேறு மாதிரி இருந்தது. வழக்கமான காற்று தள்ளும், இது பிடித்து உலுக்கியது. காற்றாடிகளையே கம்பெனி நிறுத்திப் பூட்டிவிட்டது. ஊரின் கீழ்ப்பக்கம் முழுக்க வாழை, ஏத்தன் வாழை, ஓணத்துக்கு வெட்டி மலையாளத்துக்கு ஏற்ற வேண்டியவை, ஒவ்வொன்றும் குலையின் கனத்தில் முன்னால் குனிந்து நின்றன. கம்பு முட்டுக் கொடுக்கலாம் என்று இறங்கியவர்களால் அந்தக் காற்றில் கம்பைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. கம்பே ஆளை இழுத்துக்கொண்டு போனது. அது ஒரு நாள் முழுக்க அடித்தது. அடுத்த நாள் காலையிலும் அடித்தது. ஒவ்வொரு மரம் ஒடிகிறபோதும் ஈரமான துணியைக் கல்லில் ஓங்கி அடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

தங்கையா வந்து வாசலில் நின்றார். தொப்பி இல்லை. அவருக்குப் பின்னால் ரோட்டில் கொஞ்சம் பேர் நின்றார்கள். சுயம்புலிங்கமும் இருந்தான், அவன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெத்தினம்," என்றார் தங்கையா, கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "வண்டிய நிறுத்தி வச்சு சாயங்காலம் வரைக்கும் ஓடவிட்டா முட்டுக் குடுத்துருவோம். டீசல் நாங்க ஊத்துதோம்."

"பிரஷ் என்ன இருக்கு?" என்று ரெத்தினபாய் அவரைத் தாண்டி மெக்கானிக்கிடம் கேட்டாள்.

"நகத்தளவு இருக்கும் அக்கா. சாயங்காலம் வரைக்கும்னா..."

"வேற மோட்டார்?"

"மதுரைல சொல்லிருக்கேன். ரெண்டு மூணு வாரம் ஆகுங்கான்."

"நாளைக்கு இவரக் கொண்டு போகணும்," என்றாள் ரெத்தினபாய். "நாளைக்குன்னு இல்ல, அதுக்குப் பொறவும் போகணும். போன தடவ நெஞ்சுல தண்ணி நின்னப்ப நீங்களும்தான் வந்து பாத்திய."

"பாத்தேன்," என்றார் தங்கையா. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு, மேற்கே சாய்ந்து, திரும்பி நடந்தார். ரோட்டில் நின்றவர்களும் அவரோடு போனார்கள்.

ரெத்தினபாய் கதவை அடைத்துவிட்டு உள்ளே வந்தாள். இஸ்ரவேல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கீழ்ப்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று வந்தது. அவள் பயறு புடைக்க உட்கார்ந்தாள். இன்னொன்று வந்தது.

"சாவிய எங்க வச்சிருக்க?" என்றார் அவர்.

"எதுக்கு?"

"வண்டில போய் இருக்கேன். உள்ள இருந்து சடவா இருக்கு."

"சும்மா இருக்க சாவி எதுக்கு?"

அவர் சுவரைப் பிடித்து எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். பொத்தான் போடுவதற்குள் மூச்சு வாங்கியது.

"நாளைக்குத் தண்ணி கேப்பிய," என்றாள் ரெத்தினபாய்.

"கேப்பேன்."

"நாங்குநேரி போறதுக்குள்ள கேப்பிய."

"வள்ளியூர்லயே கேப்பேன். நீ குடுக்காத."

அவள் சுளகைக் கீழே வைத்தாள். அரிசிப் பானைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, அவரிடம் கொடுக்காமல் தானே வெளியே போய் வேனில் ஏறினாள். அவர் வந்து பக்கத்தில் உட்காரும் வரை காத்திருந்தாள். பிறகு இஞ்சினைப் போட்டு, புளோயரைப் போட்டாள்.

ஊர் ஓய்ந்தது. வாழை இலைகளின் கிழிசல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கீழே தொங்கின. சற்று நேரம் ஒரு சத்தமும் இல்லை, பிறகு கீழ்ப்பக்கத்தில் கம்புகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம், மண்ணில் கடப்பாறை இறங்குகிற சத்தம், யாரோ யாரையோ கயிறு கேட்கிற சாதாரணமான குரல். தோட்டம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் இறங்கினார்கள். மாதேவன் கடையை அடைத்துவிட்டுப் போனான். கோகுலகிருஷ்ணன் கிரீஸ் வைக்கிற ஆட்களைக் கூட்டிக்கொண்டு, முழங்காலுக்குப் பேண்டை மடித்துவிட்டு வந்தார். கொடூரமாக வியர்த்தது, குடம் குடமாகக் குடித்தார்கள். ஒருவர் கேனில் டீசலோடு வந்து ஊற்றிவிட்டு, வேனுக்குள் இருக்கிறவர்களைப் பார்க்காமல் போனார். உள்ளே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, போகாத வண்டியில், புருஷனும் பெண்சாதியும் குளிர்ந்த காற்றில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்படி ஒரு நாளும் நீ ஓட்டுனதில்ல," என்றார் இஸ்ரவேல். "கியர்ச் சத்தமே கேக்கல."

மத்தியானத்துக்கு மேல் மோட்டார் முனக ஆரம்பித்தது. சுயம்புலிங்கம் வந்து டாஷ்போர்டில் காதை வைத்துக் கேட்டான், போய் மறுபடி கம்பு பிடித்தான். முனகல் ஊளையாகியது. ரப்பர் கருகுகிற மணம் வந்தது. வெயில் சாயும் வேளையில், ஏசித் துவாரங்களிலிருந்து வந்த காற்று மூச்சு விடுவதுபோலக் குறைந்து, நின்றது. இஸ்ரவேல் டாஷ்போர்டில் ஒரு குத்து விட்டார். ஒன்றும் ஆகவில்லை. வேன் லேசாக ஆடியது. வெளியே காற்று வந்துவிட்டிருந்தது.

அது இரவெல்லாம் அடித்தது. வாழைகள் கம்புகளில் சாய்ந்து நின்று உலுங்கின. சில ஒடிந்தன, பெரும்பாலானவை நின்றன.

காலையில் ரெத்தினபாய் வேனைத் துடைத்தாள். இஸ்ரவேல் அன்றைக்குரிய முதல் டம்ளரில் பாதியை வீட்டிலேயே குடித்து வாயை ஈரமாக்கிக்கொண்டு வந்து ஏறினார். அவள் எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிப் பார்த்தாள், கொஞ்ச தூரத்திலேயே அவர் கழுத்தில் வியர்வை இறங்கியது. அவர் பக்கத்துக் கண்ணாடியைப் பாதி இறக்கினாள். மண்ணோடு காற்று வந்தது. நனைத்த துண்டை அவர் வாயைச் சுற்றிக் கட்டியிருந்தாள், அது ஊர் எல்லைக்குள்ளேயே உலர்ந்துவிட்டது.

ரயில்வே கேட் அடைத்திருந்தது. கேட்டை ஒட்டித்தான் மாதேவன் கடை. இறக்கைப் பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள், முழங்கைகளில் கம்பு கீறிய சிவப்புக் கோடுகளோடு. வேன் அவர்களுக்கு எதிரே, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில், வந்து நின்றது. ரெத்தினபாய் இஞ்சினை அணைத்தாள். டீசலை மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது.

"ரெத்தினம்," என்றார் இஸ்ரவேல், துண்டுக்குள்ளிருந்து.

"ம்."

"ரெண்டாவது கியர்லயே இவ்வளவு தூரம் வந்திருக்க."

"சரி."

அவர் முகத்தைக் கடைப் பக்கம் திருப்பினார். தங்கையா தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், வேட்டியில் சேறு காயவில்லை. பானையிலிருந்து மொண்ட செம்பைத் தூக்கி, அண்ணாந்து, வாயைத் திறந்திருந்தார். தண்ணீர் செம்பின் விளிம்புக்கு வந்துவிட்டிருந்தது. அவர் செம்பை நிமிர்த்தி, மெதுவாகத் தாழ்த்தி, தன் காலுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் வைத்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தார்.

ரயில் போனது. கேட் ஏறியது. ரெத்தினபாய் முதல் கியரைப் போட்டு, தண்டவாளத்தின் மேல் வண்டி குலுங்காமல் மெதுவாகக் கடந்தாள். அந்தப் பக்கம் இறங்கிக் கொஞ்சதூரம் போன பிறகு, பக்கக் கண்ணாடியில், தங்கையா குனிந்து செம்பை எடுப்பது தெரிந்தது.